நமது இலக்கிய மன்றத்தின் ஆண்டறிக்கை

மன்றத் தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கலுக்குக் கோலப்போட்டி வழக்கம்போல் நடந்தது. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குத் திருக்குறள் ஒப்புவித்தல் போட்டி வைத்துப் பரிசு கொடுத்தோம். நூலக அறையில் மழைக்கு ஒழுகிய இடத்தைச் சரிசெய்தாயிற்று. மாதக் கூட்டங்கள் இரண்டொன்று தவிர எல்லாம் நடந்தன.

அப்புறம், பாரதி கண்காட்சி. இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "பாரதியைப்பற்றி நமக்குத் தெரியாதது என்ன இருக்கிறது, இதற்கு எதற்குச் செலவு?" என்று செயற்குழுவில் கேள்வி வந்தது. கேட்டவர்களில் பலர் கண்காட்சிப் பக்கமே வரவில்லை. வந்து தட்டிகளை வாசித்திருந்தால் அந்தக் கேள்வி மறுபடி எழுந்திருக்காது.

யானை மிதித்துப் பாரதி இறந்துபோனார் என்றுதான் வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் சொன்னார்கள், பெரியவர்கள் சிலரும்கூட. 1921இல் திருவல்லிக்கேணி கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மை. அவருடைய நண்பர் குவளைக் கண்ணன் பாய்ந்து போய்த் தூக்கிவந்ததும் உண்மை. ஆனால் அதிலிருந்து தேறி, சுதேசமித்திரன் பத்திரிகை வேலைக்குத் திரும்பி, ஈரோடு கருங்கல்பாளையம் வரை போய் 'மனிதனுக்கு மரணமில்லை' என்று பேசிவிட்டு வந்தார். செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு வந்துதான் போனார். அப்போது வயது 38.

கூட்டம் அதிகம் நின்றது 'கண்ணம்மா யார்?' என்ற தட்டியின் முன்னால். கண்ணன் பாட்டில் கண்ணம்மா ஓரிடத்தில் குழந்தை, ஓரிடத்தில் காதலி, இன்னோரிடத்தில் குலதெய்வம். அவளை ஒரே பெண்ணாக எண்ணித் தேடுவது வீண் என்பது என் கருத்து. ஆனால் நிஜப்பெண் ஒருத்தி அவர் எழுத்தில் உண்டு. 1910இல் வெளிவந்த 'கனவு' என்ற தன்வரலாற்றுப் பாட்டில், பத்து வயதில் ஒன்பது வயதுப் பெண்மேல் தமக்கு உண்டான பிள்ளைக்காதலை ஒளிக்காமல் எழுதுகிறார். பெயர் மட்டும் சொல்லவில்லை. 1897இல் பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம் கடையத்துச் செல்லம்மாவோடு. மாப்பிள்ளைக்குப் பதினான்கு, பெண்ணுக்கு ஏழு. பால்ய விவாகத்தின்மேல் அவருக்கு வந்த கோபம் சொந்த அனுபவத்தில் பிறந்தது.

விவேகானந்தரின் சீடர் நிவேதிதா தேவியின் தட்டியையும் சொல்ல வேண்டும். காங்கிரஸ் மாநாட்டுக்காக வடக்கே போனபோது பாரதி அவரைச் சந்தித்தார். மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று அவர் கேட்ட கேள்வி பாரதியைச் சுட்டுவிட்டது. 1908இல் வந்த 'ஸ்வதேச கீதங்கள்', மறு ஆண்டு வந்த 'ஜன்ம பூமி' இரண்டையும் அவருக்கே சமர்ப்பணம் செய்தார். செல்லம்மாவோ கணவர் போய் முப்பது ஆண்டுக்குப்பின், 1951இல், திருச்சி வானொலியில் 'என் கணவர்' என்று பேசினார். ஒரு கவிஞரோடு குடித்தனம் நடத்தியவர் சொல்லும் வார்த்தைக்கு உள்ள கனம் வேறு. மகளிர் அணியினர் அந்தத் தட்டியை வாசித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். இந்த ஆண்டில் எனக்குக் கிடைத்த பெரிய நிறைவு அது.

கடைசி இரண்டு தட்டிகளும் பணம் பற்றியவை. 1907இல் பாரதியின் மூன்று பாடல்களை 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அவர் காங்கிரஸில் நிதானப் போக்குக்காரரான மிதவாதி. பாரதியோ 'இந்தியா' பத்திரிகையில் மிதவாதிகளை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தவர். கொள்கை வேறு, பாட்டு வேறு என்று அந்த மனிதர் பையைத் திறந்தார். 1920இல் கதை மாறுகிறது. தம் எழுத்தையெல்லாம் நாற்பது புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிடப் பாரதி திட்டம் போட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு போய்ச்சேரும் என்று நம்பினார். கடன் கொடுங்கள், வட்டியோடு தருகிறேன் என்று கடையத்திலிருந்து நண்பர்களுக்கு எழுதினார். திட்டம் நிறைவேறவில்லை. மறு வருஷம் அவரே இல்லை. பாஞ்சாலி சபதத்தின் இரண்டாம் பாகம் அச்சானது 1924இல். அதைப் புத்தகமாக அவர் பார்க்கவில்லை.

சரி, நம் மன்றத்துக்கு வருகிறேன். உறுப்பினர்களில் ஏறக்குறைய பாதிப்பேரிடமிருந்து ஆண்டுச் சந்தா வரவேண்டியிருக்கிறது. சிலர் முந்தைய ஆண்டுக்கும் தரவில்லை. வீட்டுக்குப் போனால் "அடுத்த வாரம் வாங்க" என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் நினைவூட்டினால் கைகூப்பும் படம் வருகிறது, பணம் வருவதில்லை. தொகை பெரிதல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். தட்டிகளுக்கான துணி, அச்சு, மண்டப வாடகை இவற்றில் ஒரு பகுதியை நானும் பொருளாளரும் கைப்பணத்திலிருந்து போட்டோம். அதைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் நிர்வாகிகள் எதற்கெடுத்தாலும் செலவு செய்கிறார்கள் என்று வெளியே பேசப்படுவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மொத்தத்தில் வரவுக்கும் செலவுக்கும் சரியாக இருக்கிறது. கையிருப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை.

மண்டபத்தைக் குறைந்த வாடகைக்குத் தந்தவர்களுக்கும், தட்டிகளை எழுதிக்கொடுத்த ஆசிரியருக்கும், தேநீர்ச் செலவை ஏற்றுக்கொண்ட துணைத்தலைவருக்கும், நாற்காலி தூக்கிப்போட்ட இளைஞர்களுக்கும் மன்றத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு தட்டிகளில் இருந்ததைச் சிறு புத்தகமாக்கி, நம் ஊர்ப் பள்ளிப்பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. எழுதும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். நிலுவைச் சந்தா வந்தாலே அச்சுக்கூலி தேறிவிடும், தனியாக நன்கொடை கேட்டு யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. தை மாதத்துக்குள் தொகை சேர்ந்தால் சித்திரையில் புத்தகம் கையில் இருக்கும். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கம் உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்