செவலை ஏன் குரைக்கிறான்: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பகலில் தொடர்ந்து குரைக்கும் நாய்களைத் தீபாவளிக்குள் வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததைப் படித்தேன். வீட்டு எண் போடவில்லை என்றாலும் அது எங்கள் செவலையைப் பற்றியதுதான். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் நம் பிளாக்கில் இருக்கிறார்கள். அவர்கள் படும் தொல்லை உண்மையானது. முதலில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அவன் குரைப்பது பயத்தில். எனக்கே இது சில மாதங்களுக்கு முன்புதான் புரிந்தது. பழைய செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனோம். பூட்டிய உடனேயே கதவடியில் நின்று இரைக்கிறான். ஃபேன் ஓடுகிற அறை, ஓடியாடவும் இல்லை, ஆனாலும் நாக்கு தொங்குகிறது. எச்சில் ஒழுகித் தரை நனைகிறது. கதவின் அடிப்பக்கத்தைப் பிராண்டுகிறான். வைத்துவிட்டுப் போன கோழித்துண்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அரைமணி நேரம் அழுது குரைத்து ஓய்கிறான். படியில் செருப்புச் சத்தம் கேட்டால் திரும்பவும் ஆரம்பிக்கிறான்.

அதற்கு முன்பே அவன் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். நான் சாவியை எடுத்தாலே கொட்டாவி விடுவான், உதட்டை நக்குவான், காது பின்னால் படியும், வெள்ளைவிழி தெரியக் கடைக்கண்ணால் பார்ப்பான். தூக்கம் வருகிறது போல என்று விட்டுவிட்டோம். ஒருநாள் வாசல் மிதியடியைக் கடித்துக் குதறியிருந்தான். திட்டினோம். வாலை இடுக்கிக்கொண்டு தரையோடு ஒட்டினான். ‘செய்தது தப்பு என்று அவனுக்கே தெரியுது’ என்று பேசிக்கொண்டோம். அவன் எங்கள் குரலுக்குத்தான் பயந்திருக்கிறான். அந்த நாளை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

இதெல்லாம் போன தீபாவளியில் தொடங்கியது. நாங்கள் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தோம். கார் நிறுத்துமிடத்தில் நள்ளிரவு தாண்டியும் வெடித்திருக்கிறார்கள். மேலே கூரை உள்ள இடம் அது, வெடித்தால் கட்டடமே அதிரும். நமக்குக் கேட்கும் ஒலி ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸோடு, அதாவது நொடிக்கு 20,000 அதிர்வோடு, நின்றுவிடும். நாய்க்கு அது 40,000-ஐயும் தாண்டும், நமக்குக் கேட்காத கீச்சொலியும் அவனுக்குக் கேட்கும். திரும்பி வந்தபோது குளியலறை வாளிக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்தான். மறுநாள் மதியம்வரை சாப்பிடவில்லை. தனியாக இருந்தால் அந்தச் சத்தம் வரும் என்று அவன் மனதில் பதிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

பால்கனியில் கட்டிப்போடச் சிலர் சொல்கிறீர்கள். சத்தத்துக்கு இன்னும் பக்கத்தில், ஓடி ஒளியவும் வழியில்லாமல் நிறுத்துவது அது. வாயை இறுக்கிக் கட்டவும் முடியாது. நாயின் உடம்புச் சூடு தணிவதே பெரும்பாலும் இரைப்பதால்தான். கால்நடை மருத்துவர் முதலில் காதையும் கால் மூட்டுகளையும் பார்த்தார், ஏனென்றால் வலி இருந்தால் சத்தத்தின் மீதான பயம் கூடும். அப்புறம் பயிற்சி. சாவியை எடுத்துவிட்டு வெளியே போகாமல் உட்காருகிறேன். அரை நிமிடம் வெளியே நின்று திரும்புகிறேன், பிறகு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பட்டாசு ஒலியைப் போனில் காதில் விழுந்தும் விழாமலும் வைத்துக் கோழி கொடுக்கிறோம், அவன் அசையாமல் சாப்பிட்டால் மட்டும் சத்தத்தை ஒரு புள்ளி கூட்டுகிறோம். இப்போது நான்கு நிமிடம் தனியாக இருக்கிறான். சிறிய எண்தான், ஆனால் நாலு மாதம் முன்பு பத்து நொடிகூட முடியவில்லை. தீபாவளிக்கு மட்டும் பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். வெறும் மயக்க மருந்தைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள், உடம்புதான் அடங்கும், பயம் உள்ளே அப்படியே இருக்கும் என்றும் சொன்னார்.

இந்த நிலையில் அவனை ஊர் தெரியாத இடத்துக்கு அனுப்பினால் இத்தனை நாள் உழைப்பும் போய்விடும். வளர்ப்பு நாயைச் சங்கம் தடைசெய்ய முடியாது, குரைப்பதும் அதற்குக் காரணமாகாது என்று இந்திய விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. அதைக் காட்டிச் சண்டை போட எனக்கு விருப்பமில்லை. கேட்பது கொஞ்சம்தான். மூன்று மாதம் அவகாசம் கொடுங்கள். அதுவரை அவனோடு எப்போதும் ஒருவர் வீட்டில் இருக்க ஏற்பாடு செய்துவிட்டோம். அவனைப் பார்த்ததும் வாட்ச்மேன் அண்ணன் தடியைத் தரையில் தட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். லிஃப்டில் பிள்ளைகள் அவன் தலையைத் தொட வேண்டாம், பேசாமல் நின்றால் போதும்.

அப்புறம் பட்டாசு. 2018-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம் என்று வரம்பு வைத்தது. காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று தமிழக அரசு அதைப் பிரித்துக் கொடுத்தது. பிள்ளைகள் வெடிக்கட்டும், யாரையும் தடுக்கவில்லை. அந்த நேரத்தில், கார் நிறுத்துமிடத்தில் இல்லாமல் வெளி மைதானத்தில் வெடிக்கட்டும். நேரம் தெரிந்தால் முன்கூட்டியே அவனை நடத்திக் கூட்டிவந்து, சோறு வைத்து, திரையை இழுத்துவிட்டு, கூடவே உட்கார்ந்துகொள்வோம். அணைத்துக்கொண்டால் பயம் கூடிவிடாது, அவனாக வந்தால் மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

அந்த அறிவிப்பை எடுத்துவிட்டு, அதே இடத்தில் இந்த இரண்டு நேரங்களையும் பெரிய எழுத்தில் ஒட்ட அனுமதி தாருங்கள். சார்ட் பேப்பர் வாங்கி வைத்திருக்கிறேன், நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
செவலை வீட்டுக்காரர், மூன்றாம் மாடி