பாண்டியன் பஸ் ஏன் பெயர் மாறியது என்றும் எழுதுங்கள்

மேலூர்ப் பக்கம் நம் அரசுப் பள்ளியின் முன்னாள் மாணவர் சந்திப்பை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். அழைப்பிதழ் கிடைத்தது. கணக்கு வாத்தியாரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவது எப்போதோ செய்திருக்க வேண்டிய காரியம். வாசலில் எஸ்டிடி பூத், தேன்மிட்டாய்க் கடை, அந்நாளில் மதுரைப் பக்கம் ஓடிய அரசு பஸ்ஸான பாண்டியன் போக்குவரத்துக் கழகப் பேருந்தின் அட்டை மாதிரி எல்லாம் வைக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் விழா மலரின் அட்டையில் 'சாதி பேதம் தெரியாத தொண்ணூறுகள்' என்று போடப்போகிறீர்களாம். அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அந்தப் பேருந்தையே பாருங்கள். பாண்டியன் என்ற பெயர் எப்படிப் போனது? 1997-இல் விருதுநகர்ப் பகுதிக்கான புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அரசு வைத்தது. பட்டியல் சாதியில் பிறந்த ஒரு வீரரின் பெயர் தாங்கிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று எதிர்ப்பு கிளம்பி, தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. கடைசியில் எல்லாக் கழகங்களின் பெயர்களையும், மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்களின் பெயர்களையும் அரசு எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்போதுதான்.

அதே 1997, ஜூன் 30. மேலவளவு நமக்குத் தூரத்து ஊர் இல்லை. 1996 உள்ளாட்சித் தேர்தலில் அந்த ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. வேட்புமனு போட்டவர்களை மிரட்டி வாபஸ் வாங்க வைத்தார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள், வாக்குச்சாவடியில் புகுந்து கலைத்தார்கள். அதற்குப் பிறகும் முருகேசன் நின்றார், ஜெயித்தார். எரிந்த வீடுகளுக்கு நிவாரணம் கேட்டு மதுரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டுத் திரும்பியவரை, பஸ்ஸை மறித்து, உடன் வந்தவர்களோடு சேர்த்து வெட்டினார்கள். தலையைத் துண்டித்துக் கிணற்றில் போட்டார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேர் 2019-இல் முன்கூட்டியே விடுதலையானார்கள். தலைவர் பதவி அதேபோல் ஒதுக்கப்பட்ட உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரை முறையான ஊராட்சித் தேர்தலே நடத்த முடியவில்லை.

இதெல்லாம் ஊர்ச் சண்டை, நம் பள்ளிக்கூடத்தில் அப்படி இல்லையே என்பீர்கள். வகுப்பில் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தோம், உண்மை. மணியடித்த பிறகு? பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த டீக்கடையின் பந்தல்காலில் ஒரு ஆணி, அதில் தனியாக ஒரு அலுமினியக் குவளை. காலனியிலிருந்து வந்த நம் வகுப்புப் பையன் அதை எடுத்து, தானே கழுவி, டீயை ஏந்தி வாங்கி, பெஞ்ச் காலியாகக் கிடந்தாலும் தரையில் குந்திக் குடிப்பான். காசைப் பலகையில் வைப்பான். குவளையை மறுபடி கழுவி அதே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவான். அவனிடம் இந்த அட்டையைக் கொடுத்தால் என்ன நினைப்பான்? நம்மோடு படித்த பெண்களில் எத்தனை பேர் பத்தாவதைத் தாண்டினார்கள் என்பதும் மலரில் வர வேண்டிய சங்கதிதான். அது தனிக் கட்டுரைக்கே காணும்.

தொண்ணூறுகளைக் கொண்டாடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. 1994-இல் தமிழ்நாட்டில், தலைவர் பதவிகளில் பட்டியல் சாதியினருக்கு இடம் ஒதுக்கிய புதிய ஊராட்சிகள் சட்டம் வந்தது; அது திறந்த கதவு வழியாக உயிரைப் பணயம் வைத்து நுழைந்தவர் முருகேசன். அவர் படம் மலரின் முதல் பக்கத்தில் வரட்டும். பேருந்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்து, பெயர் மாறிய கதையை நாலு வரி எழுதுங்கள். பிள்ளைகள் படிக்கட்டும்.

இன்னொன்று. காலனியில் இருக்கும் நம் வகுப்புக்காரர்கள் யாருக்கும் இதுவரை அழைப்பிதழ் போகவில்லை என்று விசாரித்ததில் தெரிந்தது. தபாலில் அனுப்பாதீர்கள், வீடு வீடாகப் போய்க் கொடுப்போம். மலருக்கு எழுதச் சொல்லியும் கேட்போம். அதற்காக அச்சுக்குக் கொடுப்பதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். வருகிற ஞாயிறு காலை நான் வருகிறேன், குழுவிலிருந்து இரண்டு பேராவது கூட வாருங்கள்.

அன்புடன்,
உங்களோடு படித்தவன்