நீ போனில் கேட்ட கேள்வி

அன்புள்ள கண்ணா,

போனில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது, அதனால் எழுதுகிறேன். "தாத்தாவோட கோபம் எனக்கும் வந்துடுமா அம்மா? பிறக்கப்போற குழந்தையை நானும் அடிச்சிடுவேனா?" என்று கேட்டாய்.

என் அப்பா அடிப்பார் என்பது உனக்குத் தெரியும். எதற்கு அடித்தார் என்பது எனக்கே தெரியாது. நேற்று எதைப் பார்த்துச் சிரித்தாரோ, இன்று அதே காரியத்துக்கு பெல்ட்டை உருவுவார். அடியைவிட அந்த நிச்சயமின்மைதான் என்னை அரித்தது. வாசலில் அவர் செருப்பைக் கழற்றுகிற சத்தத்தை வைத்தே அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று கணிக்கப் பழகியிருந்தேன். அம்மா வாயைத் திறந்தால் அவளுக்கும் விழும். சொந்தக்காரர்களோ, அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அந்த அடி பொய் சொல்லவும் சத்தம் வராமல் அழவும் கற்றுக்கொடுத்தது, அவ்வளவுதான்.

கதவு படாரென்று சாத்தினால் நான் தூக்கிவாரிப் போட்டு எழுவதைச் சின்ன வயதில் நீ பார்த்திருக்கிறாய். மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கிற அமிக்டலா என்ற பகுதி, குழந்தைப் பருவம் முழுக்கப் பயத்தில் கழிந்தால், எந்நேரமும் விழித்தே இருக்கப் பழகிவிடும். மனநல ஆலோசகர் இதை விளக்கிய பிறகுதான், நான் கோழை இல்லை என்று எனக்குப் புரிந்தது. என்னைக் காப்பாற்றக் கற்றுக்கொண்ட உடம்பு, அந்த வேலையை இன்னும் விடாமல் செய்துகொண்டிருந்தது.

அடி வாங்கியவர்கள் அடிப்பார்கள் என்று ஊர் உலகம் சுலபமாகச் சொல்லிவிடும். அதை நம்பி, குழந்தையே வேண்டாம் என்று நெடுநாள் இருந்தவள் நான். 1987இல் ஜோன் காஃப்மன், எட்வர்ட் ஜிக்லர் என்ற இரு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். கொடுமைக்கு ஆளானவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் தங்கள் பிள்ளைகளிடமும் அப்படி நடக்கிறார்கள் என்று மதிப்பிட்டார்கள். 30 சின்ன எண் இல்லை, உன்னிடம் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மற்றவர்கள் எப்படி நிறுத்தினார்கள்? மறு வருடமே அமெரிக்காவின் மினசோட்டாவில் பைரன் எகலண்ட் குழுவினர் அப்படிப்பட்ட தாய்மார்களைக் கவனித்துச் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். நிறுத்தியவர்களிடம், சிறுவயதில் அன்பாயிருந்த ஒரு பெரியவரோ, மனநல சிகிச்சையோ, நிலையான துணையோ அதிகம் இருந்ததாகக் கண்டார்கள். அதைப் படித்தபோது என் வாழ்க்கையை யாரோ பக்கத்தில் இருந்து பார்த்து எழுதிய மாதிரி இருந்தது.

எனக்கு அந்தப் பெரியவர் கணக்கு டீச்சர். என் கைத் தழும்பைப் பார்த்துவிட்டு எதுவும் துருவிக் கேட்கவில்லை. நோட்டு அடுக்க ஆள் வேண்டும் என்று சொல்லி, பள்ளி விட்டபின் தினமும் தன்னோடு உட்காரவைத்துக்கொண்டார். ஒரு நாள் தலை நிமிராமல், "உன் மேல தப்பே இல்லம்மா" என்றார். அதுவரை என்னிடம் அப்படி யாரும் சொன்னதில்லை.

அப்புறம் உன் அப்பா. கல்யாணமான புதிதில் கண்ணாடி ஜாடி ஒன்று என் கையிலிருந்து விழுந்து நொறுங்கியது. "கால்ல குத்திடப்போகுது, தள்ளி நில்லு" என்று சொல்லிவிட்டுக் குனிந்து பொறுக்கினார். அடுத்து என்ன வரும் என்று காத்துக்கொண்டே நின்றேன். ஒன்றும் வரவில்லை. நீ பார்த்து வளர்ந்தது இந்த மனிதரை. கோபத்தை எப்படிக் காட்டுவது என்று நீ கற்றது இவரிடம்தான், என் அப்பாவிடம் இல்லை.

மன்னித்துவிடு, மனசு லேசாகும் என்று பலர் எனக்குச் சொன்னார்கள். நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் மனசு லேசானது. அவருடைய கடைசிக் காலத்தில் மருத்துவத்துக்குப் பணம் அனுப்பினேன், போய்ப் பார்க்கவில்லை. இரண்டுமே நான் யோசித்து எடுத்த முடிவுகள்.

கோபம் உனக்கு வரும், கண்ணா. தூக்கம் கெட்டுப்போய், குழந்தையின் அழுகையும் நிற்காத ராத்திரியில் யாருக்கும் வரும். அப்போது குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, அறைக்கு வெளியே வந்து சில நிமிடம் மூச்சு விடு. அந்தச் சில நிமிட அழுகையால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒருபோதும் உலுக்கிவிடாதே, மூளையில் ரத்தம் கசிந்து உயிரே போகலாம். கொஞ்சம் வளர்ந்த பிறகு என்றாவது கத்திவிட்டால், கிட்டே போய், "அப்பா கத்தினது தப்பு" என்று சொல். என் அப்பா ஒரே ஒரு தடவை அப்படிச் சொல்லியிருக்கலாமே என்று இந்த வயதிலும் ஏங்குகிறேன். பயம் விடாமல் துரத்தினால் ஆலோசகரைப் போய்ப் பார், முற்றட்டும் என்று காத்திருக்காதே.

இந்தக் கடிதத்தை மருமகளிடமும் படிக்கக் கொடு. டாக்டர் சொன்ன தேதிக்கு முன்பே நான் வந்துவிடுகிறேன். ராத்திரி முறை என்னுடையது, நீங்கள் இரண்டு பேரும் நன்றாகத் தூங்குங்கள்.

உன்
அம்மா