பழைய பக்கம் எங்கே?

ஐயா, இணையதளங்களில் அறிவிப்புகளைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுவது பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். பழைய பக்கத்தைப் பார்க்க இருந்த எளிய வழியே அடைபட்டுவிட்டதையும் சொல்லியிருக்க வேண்டும். கூகுள் தேடலில் முன்பு கிடைத்த சேமித்த பிரதியை 2024-இல் எடுத்துவிட்டார்கள். இப்போது நமக்குப் பெரிதும் மிஞ்சியிருப்பது இன்டர்நெட் ஆர்கைவ் என்ற லாப நோக்கற்ற நிறுவனம் இணையப் பக்கங்களின் பழைய வடிவங்களைத் தேதியோடு சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் என்ற தளம்தான், அதுவும் அந்தப் பக்கம் அங்கே பதிவாகியிருந்தால்தான்.

பாளையங்கோட்டையில் என் அண்ணன் மகளைச் சேர்த்த கல்லூரியின் பக்கத்தில் விடுதிக் கட்டணத்தில் சாப்பாடும் சேர்த்தி என்று இருந்தது. பணம் கட்டிய பிறகு அந்த வரியைக் காணோம், கேட்டால் அப்படிப் போடவே இல்லை என்றார்கள். வேபேக் மெஷினில் தேதியோடு இருந்த பழைய பக்கத்தை அச்சிட்டுக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் சரி என்று இறங்கி வந்தார்கள். இந்த வழி தெரியாத பெற்றோர் என்ன செய்வார்கள்? திருத்தவே கூடாது என்று சொல்லவில்லை. கட்டணம், டெண்டர், கலந்தாய்வு போன்ற அறிவிப்புகளில் எதை, எந்தத் தேதியில் மாற்றினார்கள் என்பதைப் பக்கத்தின் அடியிலேயே எழுதவும், பழைய வடிவத்தை அங்கேயே வைத்திருக்கவும் அரசு உத்தரவிட வேண்டும். உங்கள் நாளிதழின் இணையதளமே இதை முதலில் தொடங்கலாம்.

– ஒரு வாசகர், மேலப்பாளையம், திருநெல்வேலி