முதுகை அளந்த பின்னரே பயணப்பையை வாங்குக

ஆசிரியர் அவர்களுக்கு,

கதிர்காமக் கொடியேற்றத்தை முன்னிட்டு உகந்தமலையிலிருந்து காட்டுப்பாதை திறக்கப்படும் காலம் நெருங்கும்போதெல்லாம் மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுக் கடைகளின் வாசல்களில் முதுகுப்பைகள் வரிசையாகத் தொங்குகின்றன. பாத யாத்திரைக்காக அவற்றை வாங்கும் பெண்களிலும், வந்தாறுமூலைக்கும் ஒலுவிலுக்கும் பல்கலைக்கழகப் படிப்புக்காகப் போய்வரும் மாணவிகளிலும், தொலைவிடங்களுக்கு இடமாற்றம் பெற்றுச் செல்லும் ஆசிரியைகள், தாதியரிலும் 5 அடிக்குக் குறைந்த உயரமும் 45 கிலோவுக்கு உட்பட்ட எடையும் உடையவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொருந்தும் பை எது என்பதைப் பற்றிக் கடைக்காரரும் பேசுவதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. இதனைத் தங்கள் பத்திரிகை வாயிலாக வாசகர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

நான் நெடுங்காலமாகத் தையல் கற்பித்து வருபவள். ஒரு சேலைச் சட்டை தைப்பதற்குத் தோளகலம், மார்பளவு, முதுகு நீளம், கைக்குழி என்று பல அளவுகளை எடுத்த பிறகே நாம் துணியில் கத்தரிக்கோலை வைக்கிறோம். ஆனால் பத்துக் கிலோ எடையை நாள் முழுவதும் உடலோடு பிணைத்துச் சுமக்கப் போகும் பையை மட்டும் நிறத்தையும் விலையையும் பார்த்து வாங்கிவிடுகிறோம். மிஞ்சிப்போனால் அது எத்தனை லீற்றர் கொள்ளும் என்று கேட்கிறோம். கொள்ளளவு என்பது பைக்குள் என்ன அடங்கும் என்பதைச் சொல்லுமே தவிர, அந்தப் பை யாருடைய முதுகில் அடங்கும் என்பதைச் சொல்லாது.

பைக்குரிய முதன்மையான அளவு முதுகு நீளம். தலையை முன்னால் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு எலும்பு மற்றவற்றைவிடப் புடைத்துத் தெரியும். கழுத்தெலும்புகளில் ஏழாவது அது. அங்கிருந்து அளவு நாடாவை முதுகெலும்பின் வளைவோடு ஒட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வைத்துப் பெருவிரல்களைப் பின்புறமாக நீட்டினால், அவ்விரு விரல்களையும் இணைக்கும் கோடு முதுகெலும்பைச் சந்திக்கும் இடமே இந்த அளவின் முடிவு. தானாக அளக்க முடியாது, இன்னொருவர் உதவ வேண்டும். தையற்காரர்களுக்கு ஒரு குறிப்பு: நாம் சட்டைக்கு எடுக்கும் முதுகு நீளம் இடை ஒடுங்கும் இடத்தோடு நின்றுவிடும், பைக்கான அளவோ அதற்கும் கீழே இடுப்பெலும்பு வரை செல்ல வேண்டும். சட்டை அளவை அப்படியே பைக்குச் சொன்னால் அளவு குறைந்துவிடும்.

சிறிய உடலமைப்புள்ள பெண்ணுக்கு இந்த முதுகு நீளம் பெரும்பாலும் 14 முதல் 16 அங்குலத்திற்குள், அதாவது ஏறத்தாழ 36 முதல் 41 சென்ரிமீற்றருக்குள் இருக்கும். ஆண்களை மனதில் வைத்துச் செய்யப்படும் நடுத்தர அளவுப் பைகள் 18 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள முதுகுக்கு உரியவை. இருப்பினும் உயரத்தை மட்டும் வைத்து முடிவு செய்துவிடவும் கூடாது. ஒரே உயரமுடைய இரு பெண்களில் ஒருவருக்குக் கால் நீண்டும் முதுகு குறுகியும் இருக்கும், மற்றவருக்கு அது மாறியிருக்கும். ஆகவே அளந்தே தீர வேண்டும்.

முதுகுக்கு மீறிய பை என்ன செய்யும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல பயணப்பையில் எடையின் பெரும்பங்கை இடுப்பே தாங்க வேண்டும், தோள்கள் பையை முதுகோடு அணைத்துப் பிடித்தால் போதும். அதற்கு இடுப்புப்பட்டி இடுப்பெலும்பின் மேல் சரியாகப் படிந்திருக்க வேண்டும். பை நீளமாக இருந்தால் அந்தப் பட்டி எலும்பைத் தாண்டி வயிற்றின் அடியிலும் தொடையின் மேற்பகுதியிலும் இறங்கி, ஒவ்வோர் அடி வைக்கும்போதும் காலைத் தடுக்கும். பட்டியை மேலே இழுத்து எலும்பில் நிறுத்தினாலோ, தோள்பட்டிகள் தோளில் படியாமல் பின்புறம் இடைவெளி விட்டு நிற்கும், பை பின்னோக்கிச் சாயும், அதை ஈடுசெய்ய அந்தப் பெண் முன்னால் கூனி நடப்பாள். உள்ளே சட்டகக் கம்பி இருக்கும் பையானால் அதன் மேல் நுனி தலையின் பின்புறத்தில் இடிக்கும். நிமிர்ந்து மரக்கிளையைக்கூடப் பார்க்க முடியாது.

தோள்பட்டிகளின் இடைவெளியும் இதே அளவுக்கு முக்கியமானது. ஒடுங்கிய தோள் உடையவர்களுக்கு, அகலமாகத் தைக்கப்பட்ட பட்டிகள் ஓயாமல் வெளிப்புறமாகச் சரியும். அதைத் தடுக்க நெஞ்சுப்பட்டியை இறுக்கினால் மார்பு அழுத்தப்பட்டு மூச்சு வாங்கும். பெண்களுக்கென வடிவமைக்கப்பட்ட பைகளில் தோள்பட்டிகள் நெருக்கமாகத் தொடங்கி, மார்பைச் சுற்றி வளைந்து இறங்குகின்றன. நெஞ்சுப்பட்டியை மேலும் கீழும் நகர்த்தவும் முடிகிறது. இடுப்புப்பட்டியும் பெண்ணின் இடுப்பு கீழ்நோக்கி விரியும் வகைக்கேற்பச் சரிவாக அமைந்திருக்கும். மெலிந்தவர்கள் இங்கே ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பட்டியை முழுவதும் இறுக்கிய பின் அதன் பஞ்சுப் பகுதிகள் இரண்டும் முன்னால் ஒன்றையொன்று முட்டிவிட்டால், அந்தப் பட்டி அவருக்குப் பெரியது. அதற்கு மேல் அதை இறுக்க வழியே இல்லை, எடை மீண்டும் தோளுக்கே போய்ச் சேரும்.

வெளிநாடுகளில் இதற்கெனத் தனி வகைகள் உண்டு. டொயிட்டர் நிறுவனம் எஸ்.எல். என்ற குறியீட்டோடு குறுகிய முதுகும் ஒடுங்கிய தோள்பட்டியும் உடைய பைகளைச் செய்கிறது. ஒஸ்பிரே நிறுவனத்தின் ஃபார்பொயின்ற் என்னும் பயணப்பைக்குப் பெண்களுக்கான வடிவமாக ஃபெயார்வியூ இருக்கிறது. முதுகுப் பகுதியை மேலும் கீழும் நகர்த்தி அளவை மாற்றக்கூடிய பைகளும் இருக்கின்றன. வளரும் பிள்ளைகளுக்கான மலையேற்றப் பைகளில் இந்த வசதி பெரும்பாலும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களிடம் பை கேட்பவர்கள் இவ்விவரங்களோடு தம் முதுகு நீளத்தையும் எழுதி அனுப்புவது நல்லது.

எமது நகரங்களில் நடப்பது வேறு. நடுத்தர அளவுப் பை பெரிதாக இருக்கிறது என்று சொன்னால், "தங்கச்சி, உங்களுக்கு ஸ்கூல் பேக்தான் சரி, அந்தப் பக்கம் பாருங்க" என்று கடைக்காரர் கைகாட்டிவிடுவார். இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாகவே இருந்திருக்கிறது. பாடசாலைப் பையின் நீளம் பொருந்தலாம், ஆனால் அதில் இடுப்புப்பட்டி இல்லை, தோள்பட்டி மெல்லியது, தையலும் புத்தகச் சுமைக்குரியதே. வளர்ந்த ஒரு பெண் தன் பயணத்திற்கு முறையான பை கேட்கும்போது அவளைப் பிள்ளைகளின் வரிசைக்கு அனுப்புவது விடையாகாது.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெடும்பயணச் சுமை உடல் எடையில் ஐந்திலொரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது நடைப்பயணிகள் பொதுவாகக் கைக்கொள்ளும் கணக்கு. 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 9 கிலோ. அதில் பையின் சொந்த எடையும் அடங்கும். வெறும் பையே 2 கிலோ இருந்தால் மிஞ்சுவது 7 கிலோ மட்டுமே. உகந்தமலையிலிருந்து குமண, யால காடுகளினூடாகச் செல்பவர்கள் அரிசி, பருப்பு, பாத்திரம், விரிப்பு எல்லாவற்றையும் தாமே சுமக்கிறார்கள். கும்புக்கன் ஆற்றைக் கடந்த பிறகு தண்ணீர் கிடைக்கும் இடங்கள் தொலைவில் இருப்பதால் தண்ணீரையும் கொண்டுசெல்ல வேண்டும். 3 லீற்றர் தண்ணீர் என்றால் அதுவே 3 கிலோ. எனவே சிறிய பெண்கள் 28 முதல் 35 லீற்றர் வரையிலான பையோடு நின்றுகொள்வது நல்லது. இடம் இருந்தால் நிரப்பத் தோன்றும், வீட்டாரும் தம் பங்குக்கு எதையாவது திணிப்பார்கள். குழுவாகச் செல்பவர்கள் சட்டி பானையை உடல் வலுவுக்கேற்பப் பகிர்ந்துகொள்ள வேண்டும். எல்லோருக்கும் சம பங்கு என்று பிரித்தால் 45 கிலோ உள்ளவளும் 70 கிலோ உள்ளவரும் ஒரே சுமையைத் தூக்க நேரும்.

நடக்காமல் புகையிரதத்திலும் பஸ்ஸிலும் செல்பவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. உதயதேவி புகையிரதத்தில் கொழும்புக் கோட்டைக்குப் போகும் உயரம் குறைந்த பெண், பையைத் தலைக்கு மேலிருக்கும் தட்டில் ஏற்ற வேண்டும். தோள்பட்டியைப் பிடித்துத் தூக்கினால் பை உருண்டு விழும், பட்டியின் தையலும் விடும். மேற்புறத்திலும் பக்கவாட்டிலும் உறுதியான கைப்பிடி உள்ள பையாக இருந்தால், ஒரு கையால் பக்கத்தைப் பிடித்து மறு கையால் அடியைத் தாங்கி ஏற்றிவிடலாம். தட்டில் இடமில்லாதபோது மடியில் வைத்தால் முகத்தை மறைக்காத உயரமும் வேண்டும். கட்டுநாயக்கவிலிருந்து பறப்பவர்கள், பல விமான நிறுவனங்கள் கைப்பொதிக்கு 7 கிலோவையே எல்லையாக வைத்திருப்பதை நினைவில் கொள்ளட்டும். பெட்டியைப் போல முன்புறம் முழுவதும் திறக்கும் சிப் உள்ள பை இத்தகைய பயணத்திற்கு வசதியானது. வாய் மட்டும் திறக்கும் பையில் அடியில் கிடக்கும் உடுப்பை எடுக்க எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டியிருக்கும்.

கடற்கரையோரம் வாழும் நாங்கள் சிப்பையும் கொக்கியையும் கவனித்து வாங்க வேண்டும். உப்புக்காற்றில் உலோகச் சிப் விரைவில் துருப்பிடித்து இறுகிவிடும், நைலோன் சுருள் சிப் நீடிக்கும். மாரி மழைக்கு மழையுறை இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும், தடித்த பொலித்தீன் பையொன்றை உள்ளே விரித்து அதற்குள் உடுப்புகளை வைத்துக் கட்டினால் காரியம் நடக்கும்.

கடை உரிமையாளர்களிடம் என் வேண்டுகோள் எளியது. ஓர் அளவு நாடாவையும், எடைக்காக ஐந்தாறு கிலோ அரிசியோ மணலோ நிரப்பிய இரண்டு பொதிகளையும் கடையில் வைத்திருங்கள். வெறும் பை எவருக்கும் பொருந்துவதாகவே தோன்றும், எடை ஏறிய பிறகுதான் அதன் குணம் தெரியும். பட்டிகள் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு, முதலில் இடுப்புப்பட்டி, பிறகு தோள்பட்டி, இறுதியாக நெஞ்சுப்பட்டி என்ற ஒழுங்கில் இறுக்கி, கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடந்துபார்க்க அந்தப் பெண்ணை அனுமதியுங்கள். கொழும்பு மொத்த வியாபாரிகளிடம் பொருள் எடுக்கும்போது ஒவ்வொரு பையின் முதுகு நீளத்தையும் கேட்டு விலைச்சீட்டில் எழுதி வையுங்கள். குறுகிய அளவு வேண்டும் என்று கேட்பவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பது இறக்குமதியாளர்களுக்கு உங்கள் மூலமே தெரியவரும்.

தையற்கலை தெரிந்த சகோதரிகளும் இதில் இறங்க வேண்டும். சட்டகமில்லாத சிறிய பையின் தோள்பட்டி தொடங்கும் இடத்தை இரண்டு அங்குலம் கீழே இறக்கித் தைத்தால் குறுகிய முதுகுக்கு அது இசைந்துவரும். பட்டி சேரும் இடத்தில் சதுரமும் அதனுள் பெருக்கற்குறியுமாக நைலோன் நூலால் இருமுறை தைக்க வேண்டும், சாதாரண பருத்தி நூல் தாங்காது. நெஞ்சுப்பட்டியைப் புதிதாகச் சேர்ப்பது அதைவிட எளிது. உயரமான பையில் மட்டும் இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டாம். பட்டி கீழே இறங்கினால் பையின் தலை மேலே எழும்பித் தலையை இடிக்கும். பயிற்சி நிலையங்களில் உடுப்புகளோடு இவ்வகைப் பைகளையும் அளவெடுத்துத் தைக்கக் கற்பித்தால், யாத்திரைக் காலத்தில் எமது பெண்களுக்கு வருமானமும் கிடைக்கும்.

இறுதியாகத் தங்களிடம் ஒரு கோரிக்கை. காட்டுப்பாதை திறக்கும் முன்பாக வரும் மகளிர் பக்கத்தில், முதுகு நீளத்தை அளக்கும் முறையை ஒரு படத்துடன் வெளியிட்டு உதவ வேண்டும். கழுத்தடி எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் அதில் தெளிவாகக் குறித்திருந்தால், கத்தரித்தெடுத்துக் கடைக்குக் கொண்டுசெல்ல வசதியாக இருக்கும்.

இங்ஙனம்,
தையல் ஆசிரியை ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.