ஆசிட் வாங்குவதை நிறுத்துங்கள்: அடுக்ககச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் மார்பிள் பாலிஷ் வேலை செய்பவன். உங்கள் கட்டடங்களின் வரவேற்புக் கூடத்திலும் லிஃப்ட் வாசலிலும் மாடிப்படியிலும் மெஷின் ஓட்டுவதுதான் என் பிழைப்பு. "தரை மங்கிப்போச்சு, எவ்வளவு தேய்ச்சாலும் அழுக்கு போக மாட்டேங்குது, ஒரு நடை வந்து பாருங்க" என்று சங்கத்திலிருந்து ஃபோன் வரும். போய்க் குனிந்து பார்த்தால் பெரும்பாலும் அங்கே அழுக்கே இருக்காது. கல்லின் மேல்பரப்பு அரித்துப்போயிருக்கும். விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். பக்கத்திலேயே படிக்கட்டுக்கு அடியில் ஐந்து லிட்டர் ஆசிட் கேன் நிற்கும்.

அந்தக் கேனை வாங்கும் பில்லில் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான். அதனால்தான் இந்தக் கடிதத்தைத் துடைக்கும் அக்காக்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

மார்பிள் என்பது பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய சுண்ணாம்புக்கல். பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். முட்டை ஓட்டில் இருப்பதும் இதே பொருள்தான். இதன்மேல் அந்தக் கேனில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் நுரை பொங்கும். அழுக்கு கரைந்து வருகிறது என்று பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். கரைவது கல். கல்லிலிருந்து பிரியும் கார்பன் டை ஆக்சைடு வாயுதான் அந்த நுரை. கழுவி விடும் தண்ணீரோடு கால்சியம் குளோரைடாகச் சாக்கடைக்குப் போவது, நீங்கள் சதுர அடிக்கு விலை கொடுத்து வாங்கிய தரை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். மார்பிளின் பளபளப்பு மேலே பூசியது கிடையாது. வார்னிஷ் போல ஒரு படலம் இருந்து, அது போனால் மறுபடி பூசிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வைரத்தூள் பதித்த பேடுகளால் முதலில் முரட்டு நம்பரில் ஆரம்பித்து, 400, 800, 1500, 3000 என்று போகப்போக நைசாகத் தேய்த்து, கல்லின் முகத்தையே சமமாக்குகிறோம். சமமான பரப்பில் விழும் வெளிச்சம் சிதறாமல் திரும்புவதால் கல் மின்னுகிறது. ஆசிட் அந்தச் சமத்தைக் குலைத்துவிடுகிறது. ஒரே ஒரு தடவை ஊற்றினாலே போதும். அதற்கப்புறம் எந்த லிக்விடாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மறுபடி கல்லைத் தேய்த்துத்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் கல்லின் கனம் கொஞ்சம் குறைகிறது.

சரி, இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? கட்டடம் முடிந்து சாவி கொடுப்பதற்கு முன் தரையில் ஒட்டியிருக்கும் சிமென்ட் பாலை எடுக்க ஆசிட் வாஷ் செய்வார்கள். விட்ரிஃபைடு டைல் அதைத் தாங்கும், கிரானைட்டும் ஓரளவு தாங்கும். அவை சுண்ணாம்பால் ஆனவை கிடையாது. அந்த வேலையைப் பார்த்துப் பழகியவர்கள் அதே கேனோடு மார்பிள் லாபிக்கும் வருகிறார்கள். அவர்களுக்குக் கல்லின் வித்தியாசத்தைச் சொல்லித் தர யாரும் இல்லை. மார்பிளுக்கு நடப்பதுதான் கடப்பாக் கல்லுக்கும் நடக்கும், அதுவும் சுண்ணாம்புக்கல்தான். பழைய கட்டடங்களில் இருக்கும் மொசைக் தரையிலும் மார்பிள் சில்லுகளைச் சிமென்டில் பதித்திருப்பார்கள். அங்கே ஆசிட் சில்லு, சிமென்ட் இரண்டையும் சேர்த்துத் தின்னும்.

அப்புறம் போர் தண்ணீர். நம் ஊரில் பல இடங்களில் அது உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடினத் தண்ணீர். ஈரத்தோடு விட்டுவிட்டால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். அந்தத் திட்டை எடுக்கத்தான் பல இடங்களில் முதன்முதலாக ஆசிட் உள்ளே வருகிறது. பாத்ரூம் குழாயில் படியும் உப்பை எடுக்கும் லிக்விட் ஏன் மார்பிளுக்கு ஆகாது என்று ஒரு பொருளாளர் கேட்டார். நல்ல கேள்வி. அந்த வெள்ளைத் திட்டும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், கல்லும் கால்சியம் கார்பனேட். திட்டைக் கரைக்கும் எதுவும் கல்லையும் கரைக்கும். துடைத்த கையோடு உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டால் திட்டு விழவே விழாது.

ஆக்ராவை நினைத்துப் பாருங்கள். தாஜ்மகால் ராஜஸ்தானின் மக்ரானா மார்பிளால் ஆனது. உங்கள் கட்டடங்களில் பலவற்றின் பூஜை அறையிலும் அதே மக்ரானாதான் இருக்கிறது. சுற்றுவட்டார ஆலைகளின் புகையில் இருக்கும் கந்தக டை ஆக்சைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி அந்தக் கல்லை அரிக்கிறது என்று சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1984ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 30ல் தீர்ப்பு வந்தது. நிலக்கரி எரிக்கும் ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், முடியாதவை அந்தப் பகுதியை விட்டு வெளியேற வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. காற்றில் கலந்த அமிலத்துக்கே இவ்வளவு. நாம் கேனைத் திறந்து நேராக ஊற்றுகிறோம். அங்கே மஞ்சள் பூத்த கல்லைச் சுத்தம் செய்யத் தொல்லியல் துறை எதை எடுக்கிறது தெரியுமா? முல்தானி மிட்டி. குழைத்துப் பூசி, அழுக்கை உறிஞ்சிக் காய விட்டு, அப்புறம் நல்ல தண்ணீரால் கழுவி எடுக்கிறார்கள்.

இப்போது மனிதர்களைப் பற்றிப் பேச வேண்டும். இதை நான் கல்லைவிட முக்கியமாக நினைக்கிறேன்.

உங்கள் துப்புரவு ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் "தரை எப்போதும் பளிச்சென்று இருக்க வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். கறை தெரிந்தால் பில்லில் பிடித்தம் என்று இன்னொரு வரி இருக்கும். எதைக் கொண்டு துடைக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இருக்காது. பிடித்தம் கடைசியில் துடைக்கும் அக்காவின் சம்பளத்தில் வந்து விழும். அவர் என்ன செய்வார்? கறையை உடனே மறைய வைக்கும் பொருள் எதுவோ அதை எடுப்பார். ஆசிட் ஊற்றிய ஈரத்தில் கறை போனது போலவே தெரியும். காய்ந்த பிறகுதான் மங்கல் தெரியும். மங்கலைப் பார்த்துவிட்டு மேனேஜர் திட்டுவார், மறுநாள் அக்கா இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுவார். இப்படியே ஒரு லாபி வீணாகிறது. கடைசியில் பழி அவர்மேல் விழுகிறது.

ஒரு கட்டடத்தில் ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் கலந்து வைத்திருந்ததைப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்படுத்திய வாயு அது. காற்றோட்டம் இல்லாத லிஃப்ட் வாசலில், கையுறைகூட இல்லாமல், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருவர் அதில் துடைப்பானை நனைத்துக்கொண்டிருந்தார். கண்ணெரிச்சல், விடாத இருமல், தோல் உரிந்த விரல்கள் இவையெல்லாம் இந்த வேலையில் சகஜம் என்று அந்த அக்காக்களே சொல்லும் அளவுக்குப் பழகிப்போயிருக்கிறது. அதை நாம் சகஜம் என்று விடக் கூடாது.

சட்டப்படியும் இது சாதாரண விஷயம் கிடையாது. அமில வீச்சில் பாதிக்கப்பட்ட லக்ஷ்மி தொடுத்த வழக்கில், 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கடைகளில் ஆசிட் விற்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவரின் பெயரும் முகவரியும் பதிவேட்டில் ஏற வேண்டும், அடையாள அட்டை காட்ட வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும். வாசலில் மூன்று சக்கர வண்டியில் வந்து "ஆசிட், ஃபினாயில்" என்று கூவுபவரிடம் பதிவேடு எங்கே இருக்கிறது? குழந்தைகள் ஒளிந்து விளையாடும் படிக்கட்டு அடியில், மூடி சரியாகத் திருகாத கேனை வைத்திருப்பதற்கு எந்தச் சங்கமும் பொறுப்பேற்க விரும்பாது என்று நம்புகிறேன்.

அப்படியானால் மார்பிளை எப்படித்தான் பார்த்துக்கொள்வது? இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

மார்பிளுக்கு முதல் எதிரி மணல். கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் மார்பிள் 3, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. செருப்பில் ஒட்டி வரும் மணல் ஒவ்வொரு அடியிலும் கல்லைக் கீறுகிறது. வாசலுக்கு வெளியே முரட்டு மிதியடி ஒன்று, உள்ளே நுழைந்ததும் நாலைந்து அடி நீளத்துக்கு நல்ல மிதியடி ஒன்று போட்டால், நான் வந்து மெஷின் ஓட்ட வேண்டிய காலம் வெகுவாகத் தள்ளிப்போகும். மிதியடியைத் தினமும் உதற வேண்டும், அதன் அடியில் ஈரம் தேங்க விடக் கூடாது. தினமும் முதலில் ஈரமில்லாத மைக்ரோஃபைபர் மாப்பால் தூசியை எடுக்க வேண்டும். மணல் இருக்கும்போதே ஈரத் துணியால் இழுப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். அப்புறம் அமிலமும் காரமும் இல்லாத, பி.எச். 7 அளவில் உள்ள ஃப்ளோர் க்ளீனரைக் கொஞ்சமாகக் கலந்து, நன்றாகப் பிழிந்த மாப்பால் துடைக்க வேண்டும். இரண்டு வாளி வேண்டும், ஒன்றில் மருந்து, ஒன்றில் வெறும் தண்ணீர். மெட்ரோ தண்ணீர் கிடைத்தால் அதையே இதற்கு ஒதுக்குங்கள். ஆர்.ஓ. மெஷின் கழித்து விடும் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. ஃபினாயில் கல்லைக் கரைக்காது, ஆனால் அதிகம் ஊற்றினால் பிசுபிசுப்பாகப் படிந்து கல்லை மங்கலாகக் காட்டும்.

வெள்ளிக்கிழமை கல் உப்புப் போட்டுத் துடைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. நம்பிக்கையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உப்பு நீர் மார்பிளின் நுண்துளைகளுக்குள் இறங்கி, உள்ளே படிகமாகி, நாளடைவில் கல்லைப் பொரியச் செய்யும். அந்த நாளில் உப்புத் தண்ணீரை டைல் போட்ட அறைகளோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

பண்டிகைகளை நான் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், வருடத்தில் அதிகமாகக் கல் கெடுவது அந்த நாட்களில்தான். ஆயுத பூஜைக்கு லிஃப்ட் வாசலில் எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வைப்போம். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2 அளவில் இருக்கும், அதாவது நல்ல அமிலம், சில நிமிடங்களிலேயே தடம் விழுந்துவிடும். குங்குமத்தின் சாயம் அந்தத் தடத்துக்குள் இறங்கும். ஒரு வாழை இலையோ தட்டோ அடியில் இருந்தால் போதும், பூஜைக்கும் குறைவில்லை. பூசணிக்காயைத் தெருவில் உடைத்துக்கொள்ளலாம். கார்த்திகை அகல் விளக்குகளுக்கு அடியிலும் சின்னத் தட்டு வையுங்கள், நல்லெண்ணெய் கல்லுக்குள் இறங்கினால் கருமையாக நிற்கும். இரும்புக் கால் வைத்த பூந்தொட்டி ஸ்டாண்டுகளை மார்பிளை விட்டு எடுத்துவிடுங்கள். துருக்கறை மற்ற எல்லாக் கறைகளையும்விடப் பிடிவாதமானது, என் மாதிரி ஆட்களுக்கே கஷ்டம்.

கறை விழுந்துவிட்டால் உடனே ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்துப் பரப்பக் கூடாது. எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி ஓர் இரவு விட்டு, பிறகு திறந்து காய விட்டு எடுங்கள். காயும்போது எண்ணெயை அது மேலே இழுக்கும். ஒரு தடவையில் போகாது, பொறுமையாக மறுபடி செய்ய வேண்டும். வெள்ளைக் கல்லில் மஞ்சள், டீ, காபிக் கறைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை அதே சோடாவோடு குழைத்துப் போடலாம். கருப்பு, பச்சைக் கல்லில் அதைப் போடாதீர்கள், நிறம் வெளுக்கும்.

ஒரு சந்தேகம் உங்களுக்கு வரும். "பாலிஷ்காரர்களும் ஆக்ஸாலிக் பவுடர் போடுகிறீர்களே, அதுவும் ஆசிட்தானே?" ஆமாம், அமிலம்தான். ஆனால் அது கால்சியத்தோடு சேரும்போது தண்ணீரில் எளிதில் கரையாத கால்சியம் ஆக்ஸலேட் உருவாகிறது, மெஷின் அழுத்தத்தில் அது கல்லின் முகத்தோடு படிகிறது. அளவும் நேரமும் தெரிந்த கை செய்ய வேண்டிய வேலை அது. தினசரி வாளியில் போடும் பொருள் கிடையாது. அதேபோல, கறை இறங்காமல் இருக்கக் கல்லில் அடிக்கும் சீலரைப் பற்றி, "சீலர் அடித்துவிட்டோம், இனி எதுவும் ஆகாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சீலர் கறை உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும், அமிலம் அரிப்பதைத் தடுக்காது.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் ஆசிட்டை வாங்கும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அமிலம் உள்ள டாய்லெட் க்ளீனர் கழிப்பறைப் பீங்கானைத் தாண்டி வரக் கூடாது என்று எழுதி வையுங்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது எந்த லிக்விட், எவ்வளவு, எந்தத் துணி என்பதை அதிலேயே சேருங்கள். கையுறையும் முகக்கவசமும் ஒப்பந்தக்காரர் செலவில் வரட்டும். ஏற்கெனவே மங்கிய இடத்துக்காக எந்தப் பணியாளரின் சம்பளத்திலும் பிடிக்காதீர்கள்.

யாருக்காவது நம்பிக்கை வரவில்லை என்றால் கட்டடம் கட்டியபோது மிஞ்சிய மார்பிள் துண்டு மொட்டை மாடியில் எங்காவது கிடக்கும். பாலிஷ் முகத்தில் பாதிக்கு ஒரு மூடி எலுமிச்சைச் சாறு ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவி, காய்ந்ததும் வெயிலில் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் துண்டையே கூட்டத்துக்கு எடுத்துப் போகலாம்.

இப்படிக்கு,
ஒரு மார்பிள் பாலிஷ் தொழிலாளி,
சென்னை.