ஒதுக்கி வைத்தாலும் சரி

ஈரோடு
புதன், பொழுதோட

அன்புள்ள ஊசிக்கு,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாளில் பதில் வருகிறதே என்று பல்லைக் கடிக்காதே. நான் விழுந்துவிட்டேன். உடனே சாத்துக்குடிப் பையோடு கரூரில் பஸ் ஏறிவிடாதே, உயிரோடுதான் இருக்கிறேன். துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனவள் வழுக்கியதில் இடது தொடை எலும்பு இடுப்பு மூட்டுக்குப் பக்கத்தில் முறிந்துவிட்டது. ஆபரேஷன் ஆகி, வாக்கர் பிடித்து நாலு எட்டு வைக்கிறேன். 72 வயதில் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது என்று உனக்கே தெரியும். முந்தாநாள் கனவில் நாம் நர்ஸாக இருந்த நாட்களின் கத்தரிக்கோல் மேட்ரன் வந்து என் படுக்கை விரிப்பின் மூலையை இழுத்துப் பார்த்தார். தேறவில்லை.

சரி, எழுத வந்த விஷயம் வேறு. மருமகளைப் பற்றி இந்த ஆறு வருஷமாக உனக்கு எழுதினேனே, அந்தக் கடிதங்களை எல்லாம் தயவுசெய்து கிழித்துப் போடு. கோபிசெட்டிபாளையத்துப் பெண், கோயிலுக்குப் போகிற பெண், என் பையனை மயக்கிவிட்டாள் என்றெல்லாம் நான் எழுதாததில்லை. ஒரே வீட்டில் ரெண்டு அடுப்பு வைத்தவள் நான்தான். அவள் அல்ல.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பையனிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: ஆள் வை, உன் பெண்டாட்டி என்னைத் தொட வேண்டாம். வந்த ஆள் மூன்றாம் நாள் நின்றுவிட்டாள். (என் வாய்க்கு மூன்று நாள் தாங்கியதே பெரிது.) அன்று ராத்திரி அவசரமாக வந்தது. கூப்பிட்டால் மருமகள்தான் வருவாள். 34 வருஷம் எத்தனை பேருக்கு பெட்பேன் வைத்திருப்பேன்? இடுப்பெலும்புக்காரர்களைப் பார்த்து, "தனியா எந்திரிச்சீங்கன்னா தெரியும் சேதி" என்று மிரட்டியவளும் நான்தானே. நானே எழுந்தேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து உட்கார்ந்தேன். எல்லாம் அங்கேயே ஆகிவிட்டது. அப்போதும் கூப்பிடவில்லையடி. விடிகாலை நாலு மணிக்கு அவள் தண்ணீர் குடிக்க எழுந்து வந்து விளக்கைப் போடும்வரை அந்த ஈரத்திலேயே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"ஏனுங்த்தை, ஒரு சத்தம் போட்டிருக்கலாமில்லீங்?" அவ்வளவுதான் கேட்டாள். மூக்கைச் சுளிக்கவில்லை. பையனை எழுப்பி இரண்டு பேருமாக என்னைத் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். அவனை வெளியே அனுப்பிவிட்டு வெந்நீர் கொண்டு வந்து துடைக்க ஆரம்பித்தாள். கால் விரல் இடுக்குகளைக்கூட விடவில்லை. நான் சும்மா இருந்தேனா? "முதல்ல மூஞ்சி, அப்புறம் கை, தண்ணிய மாத்து" என்று பாடம் எடுத்தேன். அந்த நிலையிலும் என் நாக்கு வார்டு சிஸ்டராகவே இருந்தது. "சரிங்த்தை, சரிங்த்தை" என்று அவள் தண்ணீரை மாற்றினாள்.

அப்போது எனக்கு உன் ஞாபகம் வந்தது. என்னைப் போன்ற லண்டன் மிஷன் சபைக்காரிகளுக்கு ஜெபிக்கத் தெரியாது என்று ஹாஸ்டலில் கேலி செய்வாயே. 1947லேயே எல்லாரும் சேர்ந்து ஒரே தென்னிந்தியத் திருச்சபை ஆகிவிட்டோம் என்று எத்தனை சொன்னாலும் நீ மட்டும் கடைசிவரை மெதடிஸ்ட்தான். போன வருஷம் உங்கள் உடன்படிக்கை ஆராதனை பற்றி ஒரு தாள் அனுப்பினாய் அல்லவா, அதைத் தேடி எடுக்கச் சொன்னேன். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1755இல் லண்டனில் நடத்தியது. ஆனால் அந்த ஜெபத்தின் சொற்கள் அதற்கு முந்திய நூற்றாண்டில் ரிச்சர்ட் அலீன் என்ற போதகர் எழுதியதிலிருந்து வந்தவை. நான் இனி என்னுடையவள் அல்ல, உம்முடையவள். செய்ய வைத்தாலும் சரி, பாடுபட வைத்தாலும் சரி. உமக்காக வேலையில் வைத்தாலும் சரி, உமக்காக ஒதுக்கி வைத்தாலும் சரி என்று போகிறது. வருஷப் பிறப்பு தோறும் நானும்தான் அதைச் சொல்லியிருக்கிறேன். "செய்ய வைத்தாலும்" என்ற இடத்தில் என் குரல் சர்ச் கூரையைத் தொடும். "ஒதுக்கி வைத்தாலும்" வரும்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

அந்த அலீன், 1662இல் இங்கிலாந்தில் புது ஜெபப்புத்தகச் சட்டத்துக்கு இணங்காததால் சபையை இழந்த ஏறக்குறைய 2,000 போதகர்களில் ஒருவராம். ஒதுக்கப்பட்ட மனுஷன் எழுதியது என்று தெரிந்த பிறகு அந்த வரியை லேசாகத் தாண்டிப் போக முடியவில்லை.

"யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்" என்று நான் சொல்லும்போதெல்லாம் பெண்கள் ஐக்கியத்தில் மெச்சிக்கொள்வார்கள். நானும் அதைத் தாழ்மை என்றே நினைத்திருந்தேன். இயேசு கால் கழுவ வந்தபோது அவருடைய சீஷன் பேதுருவும் அப்படித்தான் நினைத்திருப்பான். "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்றானே, கேட்க எவ்வளவு பணிவாக இருக்கிறது! அதே யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் அவனுக்கு என்ன சொல்லப்பட்டது பார். வயதானபின் நீ கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன் அரையைக் கட்டி, உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்குக் கொண்டுபோவான். அது அவனுடைய மரணத்தைப் பற்றிய வார்த்தை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அவள் என் கையைத் தூக்கி நைட்டியை மாட்டியபோது எனக்கு அந்த வசனம்தான் வந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், நீ உடனே இதைச் சபையில் சாட்சியாகச் சொல்லக் கிளம்பிவிடுவாய். அடங்கிப் போ, தேவ சித்தம் என்று சொல்லி, அடிக்கிற புருஷனிடமே பெண்களைத் திருப்பி அனுப்புகிறவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதே. தீக்காய வார்டில் நாம் பார்த்ததை மறக்கவா முடியும்? சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே முதலில் இந்தப் பாடுகளின் பாத்திரம் நீங்கட்டும் என்றுதானே கேட்டார். கேட்டுவிட்டுத்தான் உம்முடைய சித்தம் என்றார், வேர்வை தரையில் விழ ஜெபித்தார். நான் அந்த ராத்திரி கேட்கக்கூட இல்லை. கேட்டால் கௌரவம் போய்விடும் என்று கிடந்தேன். அது என்ன சமர்ப்பணம்?

அவளிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்பாய். இன்னும் இல்லை. ரெண்டு தரம் வாய் வரைக்கும் வந்தது. ஒரு தரம் "கொள்ளு ரசத்துல உப்பு தூக்கலா இருக்கு" என்று முடிந்தது. ஆனால் என் அடுப்பை எடுத்து வெளியே வைக்கச் சொல்லிவிட்டேன். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனாள். இயேசு கால் கழுவின நாளான பெரிய வியாழனுக்குள் எப்படியாவது சொல்லிவிட வேண்டும். நீ எனக்காக ஜெபம் பண்ணு, உங்கள் மெதடிஸ்ட் ஜெபமாகவே இருக்கட்டும்.

ஈஸ்டர் கழிந்து வா. வந்தால் அவள் சந்தகை பிழிவாள், நன்றாகவே செய்கிறாள். வாளியைத் தூக்கிக்கொண்டு இதோ வருகிறாள். சூடு சரியா என்று மணிக்கட்டை விட்டுப் பார்க்காமல் இருக்க இன்றைக்கும் என்னால் முடியாது.

உன்
பஞ்சு